கையெழுத்துப் போட்டால் சட்டமாகிவிடுமா, அண்ணா?

"அதிபர் கையெழுத்துப் போட்டாச்சு, இனி அதுதான் சட்டம். புலம்பாம பெட்டியைக் கட்டுங்க." எச்1பி விசாவுக்கு (அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டு நிபுணர்களை வேலைக்கு எடுக்கும் விசா) 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவைப் பற்றி, அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஊர் அண்ணன் ஒருவர் எழுதியது இது. அதற்கு ஹார்ட் விட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். எரிச்சலே அதுதான்.

அண்ணா, அமெரிக்காவில் அதிபர் கையெழுத்துப் போட்டால் மட்டும் சட்டமாகிவிடாது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். வரி போடும் அதிகாரமும் அதற்குத்தான், அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 1952-இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அப்போதைய அதிபர் ட்ரூமன் உருக்காலைகளை அரசின் கைக்குக் கொண்டுவர உத்தரவு போட்டார். உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் தூக்கி எறிந்தது. போர்முனைக்கு இரும்பு வேண்டும் என்ற காரணமே எடுபடவில்லை.

"குடியேற்றச் சட்டத்தில் 212(எஃப்) இருக்கே" என்று உடனே வருவீர்கள். இருக்கிறது. நாட்டு நலனுக்குக் கேடு என்று தோன்றினால் வெளிநாட்டவர் நுழைவதை அதிபர் நிறுத்தி வைக்கலாம். 2018-இல், சில நாட்டவர் உள்ளே வர டிரம்ப் போட்ட பயணத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ரொம்பவே தாராளமாகப் பொருள் சொன்னது. சரி. ஆனால் அதுவும் நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரம்தானே? (வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தை ட்ரூமன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அதுவும் அதே 1952-இல்.) உள்ளே விடாதே என்று சொல்லக் கொடுத்த அதிகாரம், 1,00,000 டாலர் கட்டினால் விடுகிறேன் என்று வாசலில் கல்லாப்பெட்டி வைக்கவும் செல்லுமா? இதைக் கேட்டால் நான் புலம்புகிறேனாம்.

எச்1பி-யில் இருக்கும் என் தம்பி மகாளய அமாவாசைக்குத் திருச்சி போயிருந்தான். வாஷிங்டனில் வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஞாயிறு பிறந்ததும் அமல். அமெரிக்க வணிக அமைச்சர் அந்தத் தொகையை ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்றார். கம்பெனியிலிருந்து உடனே திரும்பச் சொல்லி மெயில். நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தும், அநியாய விலைக்கு டிக்கெட் போட்டு ஏறினான். பயம் அப்படி. அம்மா மண்டபத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டிய காலையில் தோஹாவில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் வருகிறது விளக்கம்: ஒரே ஒரு தடவைதான், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான். நாடாளுமன்றத்தில் விவாதித்து வந்த சட்டமாக இருந்தால் இது யாருக்கு, எப்போதிலிருந்து என்பதாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

"ஒபாமா செய்தபோது எங்கே போனீங்க?" ஒபாமாவின் 2014 குடியேற்றத் திட்டத்தையும் நீதிமன்றம் நிறுத்தியது. பைடனின் கல்விக் கடன் தள்ளுபடியை 2023-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். எச்1பி-யில் மோசடி இல்லையா என்றால், இருக்கிறது. சட்டத்தைத் திருத்துங்கள், யார் வேண்டாம் என்றது?

"விசாவில் வந்தவளுக்கு இந்த நாட்டு அதிகாரத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை?" இதைக் கேட்டதும் நம்ம ஊர்க்காரர்தான். வரி பிடிக்கும்போது மட்டும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் அந்த வாரம் முழுக்க "உன் தம்பி வந்துட்டானா?" என்று விசாரித்தார்கள். பொங்கல் விழாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சிரிக்கும் எமோஜி போட்டார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் வரிசையில் நின்ற காலம் மறந்துபோகும் போல.

அண்ணா, உங்கள் கிரீன் கார்டும் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் வந்ததுதான். அதன் மேலும் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தால், தயவுசெய்து என்னை டேக் பண்ணாதீர்கள்.