பெஞ்சு மாடு விலைக்கு

ஆண்டு விழா நெருங்கினால் ஐந்து பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுத்து, மாதம் முழுக்க ஒப்பிக்க வைத்து, மைக் முன்னால் நிறுத்துகிறோம். மீதி முப்பது பேர் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டும். நானும் பல வருசம் இதைச் செய்தவள்தான். இப்போது அதை நாடகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் இரண்டாம் வகுப்பில் கழித்தல் நடத்தினேன். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போய்வரும் பையன் ஒருவன் இருக்கிறான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அன்றைக்குப் பெஞ்சை மாடாக்கி, கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் கேரளாவிலிருந்து வந்த வியாபாரி ஆனேன். சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான். விரலுக்குப் பத்து ரூபாய், இரண்டாம் வகுப்புக்கு அது போதும். அவன் என் ஐந்து விரலையும் பிடித்தான். நான் அவன் விரலில் மூன்றைப் பிடித்தேன்.

"ஏனுங்க, பல்லக்கூடப் பாக்காம இருவது ரூவா கொறைக்கறீங்க? நாலு பல்லுங்க!"

மாட்டுக்குப் பல்லை எண்ணித்தான் வயசு பார்ப்பார்கள்; பல் கூடினால் வயசும் கூடுதல். கழித்தல் முடிந்தது. கரும்பலகையில் இதே கணக்கைப் போட்டால் விரலைச் சப்பிக்கொண்டு நிற்பான்.

இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் என்றொரு அம்மா இருந்தார். 14 வயதில் பள்ளியை விட்டு நெசவாலைக்குப் போனவர் (நம்ம பக்கத்துக் கதைதான்). பின்னாளில் ஆசிரியர்களுக்கே நாடகம் வழியாகக் கற்பிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியரும் ஒரு வேடம் போட்டுப் பிள்ளைகளோடு உள்ளே இறங்க வேண்டும் என்பது அவர் வழி. நமக்குக் கஷ்டமாக இருப்பதும் அதுதான். பையனுக்கு மாட்டைத் தெரியும், எனக்குத் தெரியாது என்று முப்பது பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

சத்தம் வரும், உண்மைதான். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் மாட்டை அடிக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை அடித்துவிட்டான். உடனே நிறுத்தி, மறுபடி டீச்சராகிப் பஞ்சாயத்து பண்ணினேன். எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. வாரம் ஒருநாள் போதும் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை அந்தப் பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், நேத்து உங்ககிட்ட வித்த மாடு நாலு பல்லு இல்லீங்க. எட்டும் மொளச்சிருச்சுங்க."