கண்ணகி ஒரே இரவில் மாறியவள் அல்ல

சிலப்பதிகாரத்தில் கணவன் கோவலன் கொலையுண்ட செய்தி வரும்வரை கண்ணகி வாய் திறக்காத பேதை, அந்த ஒரு துயரம்தான் அவளை வேறொருத்தியாக்கியது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் சொல்வதுதான், நூல் அப்படிச் சொல்லவில்லை.

கனாத்திறம் உரைத்த காதையைப் பாருங்கள். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள் தோழி தேவந்தி. கண்ணகி சொல்வது இரண்டே சொற்கள்: ‘பீடு அன்று’, அது பெருமையல்ல என்று. கொலைக்களக் காதையில், கணவன் உயிரோடு எதிரில் இருக்கும்போதே, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, யாரும் மெச்சாத வழியில் நடந்தீர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். இதுவா பேதையின் பேச்சு? (பள்ளிப் பாடத்தில் அரசவைக் காட்சி வரும் வழக்குரை காதையை மட்டும் படிப்பதால் வரும் வினை இது என்பது என் சந்தேகம்.)

செய்தி கேட்டதும் நேராக மதுரையை எரித்தாள் என்பதும் பிழை. கதிரவனிடம் ‘கள்வனோ என் கணவன்’ என்று கேட்கிறாள். அரசவையில் சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது அரசியின் சிலம்பிலுள்ள முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டுகிறாள். பாண்டியன் இறந்த பிறகுதான் தீ. அப்போதும் அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடும்படி தீக்கடவுளுக்குக் கட்டளையிடுகிறாள்.