ஃபிலிமுக்கும் ஓர் எல்லை உண்டு

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து ஃபிலிமில் எடுத்து இங்கே பகிர்ந்திருந்த பழைய சேலம் படம் அருமை. ஆனால், "ஃபிலிமில் பிக்சல் கிடையாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் விவரம் குறையாது" என்று அதன் கீழே ஒருவர் சொன்னதைப் பலர் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பிக்சல் கிடையாது, சரி. ஆனால் படம் பதிவது ஃபிலிமில் பூசிய நுண்ணிய வெள்ளி உப்பு மணிகளில். அந்த மணிகளும் லென்ஸும் சேர்ந்து ஓர் எல்லை போட்டுவிடும். 36×24 மி.மீ. நெகட்டிவை 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபைலின் அளவுதான் பெருகும், விவரம் அல்ல.

நீங்களே பார்க்கலாம். மலைப்பாதையில் எடுத்த நெகட்டிவ் இருந்தால் அப்படி ஸ்கேன் செய்து, கொண்டை ஊசி வளைவு எண் பலகையைத் திரையில் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் மணல் தூவியதுபோல உதிர்ந்து நிற்கும். இன்னும் பெரிதாக்கினால் மணல்தான் பெரிதாகும், எழுத்து தெளியாது.