வழக்கு போட்டால் காசு வந்துவிடாது

"வெளிநாடு வரியை ஏற்றினால் நம்ம கொலுசுப் பட்டறைக்காரர் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு.

அங்கே அரசுதான் வழக்காட முடியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஊதுகுழலோடு உட்கார்ந்து சலங்கை பற்றவைப்பவருக்கு அந்த வாசலே கிடையாது. ஏற்கெனவே பட்ட நஷ்டத்துக்கும் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். வரியை விதிப்படி மாற்றச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சரி, அரசே ஜெயித்தால்? ஆன்டிகுவா என்ற குட்டி நாட்டைப் பாருங்கள். ஒரு லட்சம் பேர்கூட இல்லை. இணையச் சூதாட்டச் சேவை தொடர்பாக 2003-ல் அமெரிக்கா மீது வழக்குப் போட்டு, 2005-ல் ஜெயித்தது. அமெரிக்கா தீர்ப்பை முழுசாக நிறைவேற்றாததால், 2007-ல் ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி தர, அதாவது அமெரிக்காவுக்குத் தரும் வர்த்தகச் சலுகைகளை நிறுத்தி வைக்க, அனுமதியும் கிடைத்தது. ஆனால் அமெரிக்கச் சரக்கையே நம்பியிருக்கும் தீவு அதற்கு வரி போட்டால் சொந்த மக்களுக்குத்தான் விலை ஏறும். இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இப்படி வழக்காடும் வளரும் நாடுகளின் வக்கீல் செலவுக்கு உதவ ஜெனிவாவில் 2001 முதல் ஒரு ஆலோசனை மையம் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் 2019 டிசம்பரிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு செயல்படவில்லை. புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவிட்டது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு அப்படியே தொங்கும்.