குத்துச்சண்டை வீரர் மேக்ஸ் பேயர் பட்டம் போன பிறகா சினிமாவுக்குப் போனார்?
ஒரு சின்னத் திருத்தம். "ஜேம்ஸ் பிராடாக் என்ற வீரரிடம் உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்தை இழந்து, வேறு வழியில்லாமல்தான் மேக்ஸ் பேயர் நடிக்கப் போனார்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். வரிசை தலைகீழ். பிராடாக்கிடம் தோற்றது 1935 ஜூனில். பேயர் கதாநாயகனாக நடித்த 'தி பிரைஸ்ஃபைட்டர் அண்ட் தி லேடி' வந்தது 1933இல். அப்போது அவர் சாம்பியனே இல்லை. நிஜ சாம்பியன் பிரிமோ கார்னேரா அதே படத்தில் கார்னேராவாகவே வந்து, கடைசிச் சண்டையில் பேயரோடு மோதுகிறார். படத்தில் அது டிரா. அப்புறம் 1934 ஜூன் 14 அன்று நியூயார்க்கில் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். கார்னேராவைத் திரும்பத் திரும்பத் தரையில் தள்ளி, 11ஆம் சுற்றில் பட்டத்தைப் பறித்தார் பேயர். ஒத்திகைதான் படப்பிடிப்பிலேயே முடிந்துவிட்டதே! பின்னாளிலும் நடித்தார், சரி. ஆனால் பிழைப்புக்காகத் தொடங்கியதல்ல.