போனைப் பைக்குள் வையுங்கள், டீச்சர்

அந்த வீடியோவை நான் பகிர மாட்டேன். வியாழக்கிழமையிலிருந்து எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கு பி.எட் பயிற்சிக்கு வந்த பெண் கரும்பலகை முன்னால் வார்த்தை வராமல் நிற்கிறாள். எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். பின் பெஞ்சிலிருந்து படம் எடுப்பவரின் சிரிப்பும் கேட்கிறது. அது மாணவனின் சிரிப்பு இல்லை, ஒரு ஆசிரியரின் சிரிப்பு. எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

அவள் கற்றுக்கொள்ள வந்தவள். தடுமாறத்தான் செய்வாள்.

2017இல் எனக்கும் அப்படி ஒரு முதல் வாரம் இருந்தது. கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சின்னச் சின்ன ஒத்திகை வகுப்புகள் எல்லாம் முடித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது கூடப் படிக்கும் தோழிகள். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும், தப்பு வந்தால் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். பள்ளியில் எட்டாம் வகுப்பு, 52 பிள்ளைகள். பாடக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் நிமிடக் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் தீர்ந்துபோனது. கை நடுங்க, ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்று எழுதி, ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று முடித்தேன். நடுவில் வர வேண்டிய டூ ஏபியைக் காணோம். எம்.எஸ்சி கணிதம் படித்தவள் நான்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கினாள். அவள் சொல்லும் முன்பே பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்க எனக்கு ‘டூ ஏபி டீச்சர்’ என்று பெயர். நான்கு நாள் மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்தச் சூத்திரத்தை எழுதும்போது ஒரு நொடி கை நிற்கிறது.

அங்கே சமூக அறிவியல் எடுத்த ஒரு அம்மாதான் என்னைத் தேடி வந்தார். “நாளைக்கு அதே வகுப்புக்குப் போ. தப்பா எழுதினேன்னு நீயே சொல்லிட்டு ஆரம்பி” என்றார். சார்ட்டில் ஒரு பெரிய சதுரம் வரைந்து நான்காக வெட்டிக்கொண்டு போனேன். ஏ ஸ்கொயர் ஒரு துண்டு, பி ஸ்கொயர் ஒரு துண்டு, மிச்சம் இரண்டு செவ்வகம். நேற்று நான் விட்டது இந்த இரண்டைத்தான் என்று காட்டினேன். பிள்ளைகள் வந்து ஒட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் நான் பாடம் நடத்தினேன்.

“தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் படிப்பு என்னாவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் உட்கார வேண்டும். எழுந்து வந்து திருத்துங்கள், கண்டிப்பாகவே சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? வேலைப்பளு என்கிறார்கள். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றும் பதிவு, பதிவேடு எல்லாம் எனக்கும் இருக்கிறது. போனைப் பைக்குள் வைக்க அதில் எதுவும் தடையில்லை. “நாங்களும் இதெல்லாம் பட்டு வந்தவர்கள்தான்” என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பட்டவர்களா இப்படிப் பேசுவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு வருட பி.எட்டில் 40 நாள் பயிற்சி. 2015க்குப் பிறகு படிப்பே இரண்டு வருடம், இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம் பள்ளியில். நான்கு மாதம்! மருத்துவப் படிப்பில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. எங்களுக்குப் பஸ் காசுகூடக் கிடையாது. சேலை, சார்ட், ரெக்கார்டு நோட்டு, எல்லாம் கைக்காசு. ஆசிரியர் லீவு என்றால் அந்த வகுப்புக்கு யார்? பி.எட் டீச்சர். விடைத்தாள் கூட்டிப் போட? பி.எட் டீச்சர். ஆண்டு விழாவுக்குக் கோலம் போட? அதற்கும் நாங்கள்தான். அப்போதெல்லாம் எங்களை டீச்சர் என்று கூப்பிட்டவர்கள், பலகை முன்னால் நாக்குக் குழறினால் மட்டும் படம் பிடிப்பீர்களா?

“நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறாய்” என்று கமெண்ட் வரும். ஆமாம், படுகிறேன். மாடிப்படியில் சாப்பிட்டவள் நான்.

அந்த வீடியோவை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். திங்கட்கிழமை அந்தப் பெண் அதே வகுப்புக்குள் போக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் போனிலும் அது வந்திருக்கும்.