இனிஷியல் டி: டிரிஃப்டை விடுங்க, பாரத்தைப் பாருங்க

மலைச்சாலைக் கார் பந்தயத்தைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடர் 'இனிஷியல் டி'. பார்த்தவர்களிடம் என்ன பிடித்தது என்று கேட்டால் பாதிப் பேர் டிரிஃப்ட் (வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வழுக்கவிட்டுத் திரும்புவது) என்பார்கள், மீதிப் பேர் யூரோபீட் என்ற வேகத் தாள நடனப் பாட்டு என்பார்கள். தப்பில்லை. ஆனால் ஷுயிச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை 48 தொகுதி மாங்கா (ஜப்பானிய சித்திரக்கதை) வரைந்து தள்ளியது டயர் புகையைக் காட்ட மட்டும் கிடையாது. கதை முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: மலை இறக்கத்தில் வண்டியின் பாரம் எந்த நேரத்தில் எந்தச் சக்கரத்தின் மேல் உட்காருகிறது? அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் 1998இல் வந்த முதல் சீசனின் 26 எபிசோடும் வேறு தொடர் மாதிரி தெரியும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்கு நாலு வரி. ஜப்பானில் குன்மா மாகாணம். மலைமேல் ஏரி, ஏரிக்கரையில் ஹோட்டல். அடிவாரத்தில் டோஃபு கடை வைத்திருக்கும் புன்தா ஃபுஜிவாரா, மகன் தகுமியை ஏழாம் வகுப்பிலிருந்தே விடியற்காலையில் கார் ஓட்டிப்போய் டோஃபு போட்டுவிட்டு வரச் சொல்கிறார். லைசென்ஸ் எல்லாம் அப்புறம்தான். ஐந்து வருஷம் இப்படியே ஓட்டியதில், தான் வேகமாக ஓட்டுகிறோம் என்பதே பையனுக்குத் தெரியாது. கதையில் மலையின் பெயர் அகினா. நிஜத்தில் அது ஹருனா. இகாஹோ என்ற வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து ஹருனா ஏரிக்கு ஏறும் 33ஆம் எண் மாகாணச் சாலைதான் அந்தப் பாதை. மியோகி, அகாகி, உசுயி எல்லாம் பெயர்கூட மாறாமல் அப்படியே வருகின்றன. உசுயி கணவாயின் பழைய சாலையில் 184 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு.

இப்போது காருக்கு வருவோம். தகுமியிடம் இருப்பது டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ரூயெனோ, ஏ.இ.86. ஜப்பானியர் 'ஹச்சி-ரோக்கு', அதாவது 'எட்டு-ஆறு' என்பார்கள். 1983 முதல் 1987 வரை வந்த வண்டி. 1,587 சி.சி. இன்ஜின், பிரசுரக் கணக்கில் 130 குதிரைசக்தி, பின்சக்கர இழுவை, எடை சுமார் 940 கிலோ. அகினா இறக்கத்தில் அவனோடு போட்டிக்கு எதிரே வந்து நிற்கும் நகாசாத்தோ என்ற பந்தயக்காரரின் நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆர்32: 2,568 சி.சி., இரட்டை டர்போ, கம்பெனி கணக்கிலேயே 280 குதிரைசக்தி, நான்கு சக்கர இழுவை, சுமார் 1,430 கிலோ.

காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை. ஆனால் ஓடுவது இறக்கத்தில். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது 940 கிலோ வண்டி சுமார் 9.2 லட்சம் ஜூல் ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. 1,430 கிலோ வண்டி சேர்த்துக்கொள்வது 14 லட்சம். இன்ஜின் கொடுக்கும் வேகம் இதில் சேராது, வெறும் புவியீர்ப்பு போடும் மொய் இது. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இதையெல்லாம் பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் சூடாகக் கரைத்தாக வேண்டும். ஒன்றரை மடங்கு வேலை. அதுவும் ஜி.டி.ஆரின் கனமான இன்ஜின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. இறக்கத்தில் பிரேக் அடித்ததும் மிச்சப் பாரமும் முன்னால் வந்து சேரும். முன் டயர் இரண்டும் பிரேக்குக்கும் உழைக்கணும், திருப்பத்துக்கும் உழைக்கணும். பாதி மலை இறங்குவதற்குள் ரப்பர் சூடேறிப் பிடிப்பு குறைகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமாகவே போகிறது. நகாசாத்தோ தோற்பது இதனால்தான். அவர் மோசமான டிரைவர் இல்லை. அவருடைய முன் டயர்கள் களைத்துப் போயின, அவ்வளவுதான். பின்னால் 'ப்ராஜெக்ட் டி' என்ற அணி அமையும்போதும் இறக்கம் தகுமிக்கு, ஏற்றம் மஸ்டா ஆர்.எக்ஸ்-7 கார் வைத்திருக்கும் கெய்சுகேவுக்கு என்று பிரித்துக் கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இனி அந்தப் பிரபலமான தண்ணீர்க் கப். புன்தா கப் ஹோல்டரில் தண்ணீர் ஊற்றிய கப்பை வைத்து, சிந்தாமல் ஓட்டிட்டு வா என்கிறார். டிரிஃப்ட் அடித்துக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் போக முடியுமா என்று சண்டை போடாத ரசிகர் கிடையாது. பேனா எடுத்தால் ஒரு நிமிஷக் கணக்கு. 7 சென்டிமீட்டர் அகலக் கப். பக்கவாட்டு விசை 0.3 ஜி (ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) என்றால் வெளிப்பக்க விளிம்பில் தண்ணீர் சுமார் 1 சென்டிமீட்டர் ஏறும். 0.8 ஜி என்றால் 2.8 சென்டிமீட்டர். காய்ந்த ரோட்டில் சாதாரண டயரின் எல்லையே அந்தப் பக்கம்தான். ஆக, விளிம்புவரை நிரப்பிய கப் என்றால் கடவுளே ஓட்டினாலும் சிந்தும். விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் இறக்கி ஊற்றியிருந்தால் எல்லைவரை ஓட்டியும் சிந்தாமல் கொண்டுவரலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த 0.8 ஜியை மெதுவாக ஏற்றணும். டக்கென்று வெட்டித் திருப்பினால் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தைத் தாண்டிக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எழும்பும். அதாவது 0.4 ஜியில் வெடுக்கென்று ஓட்டுபவன் சிந்தவிடும் அதே தண்ணீரை, 0.8 ஜியில் பதமாக ஓட்டுபவன் சிந்தவிட மாட்டான். கப் அளப்பது வேகத்தை இல்லை, வெடுக்கை.

இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். இடதுபக்க வளைவுக்கு வருகிறோம். பிரேக் மிதித்தால் தண்ணீர் கப்பின் முன்விளிம்பில் ஏறுகிறது. பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்ணீர் ஒருமுறை சமமாகி, மறுபடி வலப்பக்கம் எழும்பும். இரண்டு அலை, இரண்டு தடவை டயருக்கு அதிர்ச்சி. அப்படி இல்லாமல், பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க எடுக்க, அதே அளவுக்கு ஸ்டியரிங்கைச் சேர்த்துக்கொண்டே வந்தால் தண்ணீர் கீழே விழாமல் முன்விளிம்பிலிருந்து வலது விளிம்புக்கு வழுக்கிப் போகும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போது அங்கிருந்து பின்விளிம்புக்கு. தொடரில் கப்புக்குள் தண்ணீர் விளிம்பைச் சுற்றி வட்டமடிப்பதாகக் காட்டும் அந்த ஷாட் அலங்காரம் இல்லை. டயரிடம் இருக்கும் மொத்தப் பிடிப்பையும் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் வேகத்துக்கும் வீணாக்காமல் பங்கு போடுவது என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல படத்தை யாரும் காட்டியதில்லை என்பேன். ஓட்டும் காட்சிகளுக்கு ஆலோசகராக இருந்தவர் 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் வாங்கிய கெய்ச்சி சுச்சியா, அவரே ஏ.இ.86 ஓட்டிப் பழகியவர்.

அடுத்து சாக்கடை வித்தை. அகினாவில் அடுத்தடுத்து வரும் ஐந்து கொண்டை ஊசிகளில், உள்பக்கச் சக்கரங்களைச் சாலையோர மழைநீர்க் கால்வாய்க்குள் இறக்கி, ரயில் தண்டவாளத்தில் போவது மாதிரி தகுமி திரும்புகிறான். அப்போது எதிராளியாக ஓட்டும் கெய்சுகே வாய் பிளந்து நிற்கும் இடம். தத்துவம் சரிதான். வளைவில் பாரமெல்லாம் வெளிச்சக்கரத்துக்குப் போய்விடுவதால் உள்சக்கரம் பாதி சும்மாதான் இருக்கும். அதைக் கால்வாயின் சுவரில் சாய்த்தால் சும்மா இருந்த சக்கரத்துக்கும் வேலை கிடைக்கிறது. அங்கே பிடிப்பு ரப்பரின் உராய்வை நம்பியில்லை, சுவரை நம்பியிருக்கிறது.

கெடுவது எங்கே? கால்வாயில் இலையும் சரளையும் கிடக்கும். கான்கிரீட் மூடி போட்ட இடம் வந்தால் அதன் முனை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், ரிம் வளையும். எல்லாவற்றையும்விட ஆபத்து வெளியே வரும் கணம். சுவர் தாங்கிக்கொண்டிருந்த விசை அத்தனையும் ஒரே நொடியில் வெளி டயர்கள் மேல் விழும். அந்த நொடியில் வேகம் துளி கூடியிருந்தால் வண்டி நேராகத் தடுப்புக் கம்பிக்குத்தான். தொடரில் இந்தக் கணத்தை மட்டும் பாட்டின் சத்தத்தில் கடத்திவிடுகிறார்கள். பொதுச்சாலையில் இப்படி ஓட்டக்கூடாது என்று அவர்களே அறிவிப்பும் போடுகிறார்கள். நிஜ ஹருனாவில் இந்த ஆட்டத்தைத் தடுக்க சாலையில் மேடுகள் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தகுமியின் இன்னொரு எதிராளி ஷிங்கோவின் டேப் போட்டியைப் பலர் வெறும் வில்லத்தனம் என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு முதல் சீசனிலேயே கெட்டிக்காரத்தனமான எபிசோடு அதுதான். இருவரும் வலது கையை ஸ்டியரிங்கோடு டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டணும். கையை மாற்றிப் பிடிக்க வழியில்லை என்பதால் ஸ்டியரிங் ஒரு அளவுக்கு மேல் சுற்றாது. ஷிங்கோவின் ஹோண்டா சிவிக் இ.ஜி.6 முன்சக்கர இழுவை. அதற்கு எதிர்த்திருப்பம் (வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவது) பெரிதாகத் தேவைப்படாது. ஏ.இ.86இன் பின்பக்கம் வழுக்கினால் எதிர்ப்பக்கம் நிறையத் திருப்பியாக வேண்டும். விதியே ஒரு வண்டிக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கிறது. தகுமி தப்பிப்பது எப்படி? ஸ்டியரிங்கைக் குறைத்து, பிரேக்காலும் ஆக்ஸிலராலும் பாரத்தை நகர்த்தி வண்டியைத் திருப்பக் கற்றுக்கொள்கிறான். கப் பாடம்தான், கை கட்டிய நிலையில் மறுபடி.

தொடர் சறுக்கும் இடம் இரண்டாவது சீசனின் இன்ஜின். அகாகியில் கியோச்சி என்ற எதிராளியின் மிட்சுபிஷி எவோ 3-ஐத் துரத்தும்போது தகுமியின் இன்ஜின் உடைகிறது. அதுவரை பிரமாதம். எவோவின் 'மிஸ்ஃபயரிங் சிஸ்டம்' பற்றிச் சொல்வதும் சரி: ஆக்ஸிலரை விட்டாலும் பற்றவைப்பைத் தாமதித்து, எரிபொருளை எக்ஸாஸ்ட் பக்கம் எரியவிட்டு டர்போவைச் சுழலிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு அது. பட் பட்டென்று வெடிப்பது அதனால்தான். டர்போவின் ஆயுளும் அதனால்தான் குறையும்.

அப்புறம் புன்தா எங்கிருந்தோ நிமிஷத்துக்கு 11,000 சுற்று போகும் 20 வால்வு ரேஸ் இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார். மாட்டுவது அவ்வளவு சுலபமா? 4ஏ-ஜி.இ. என்ற அந்த 20 வால்வு வகை குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்க வடிவமைத்த இன்ஜின். அதை நெடுக்குவாட்டில் வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (பற்றவைப்பு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) போய் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில்) இடிக்கும். ஃபயர்வாலைத் தட்டி ஒதுக்கணும், இல்லையென்றால் இக்னிஷனையே மாற்றணும். தண்ணீர்க் குழாய்களைப் புதிதாகச் சுற்றிக் கொண்டுவரணும். ஆயில் சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) பின்சக்கர இழுவை வண்டியுடையதாக மாற்றணும். இதற்கெல்லாம் பிறகு பழைய டி50 கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கவலை. இந்த மல்லுக்கட்டை ஒரு முழு எபிசோடாகக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! புது இன்ஜின் வந்ததும் வண்டி பிடிபடாமல் தகுமி சோர்ந்துபோவதும், பழைய டாக்கோமீட்டரில் (சுற்றுகளைக் காட்டும் மீட்டரில்) அந்தச் சுற்றுகளைப் படிக்கவே முடியாது என்று புரிவதும் மட்டும் அழகாக வந்திருக்கின்றன.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். டோக்கியோபாப் வெளியிட்ட பழைய ஆங்கில டப்பிங் கைக்குக் கிடைத்தால் ஓரம் வையுங்கள். அதில் தகுமியை 'டாக்' ஆக்கி, அவன் நண்பன் இட்சுகியை 'இக்கி' ஆக்கி, யூரோபீட்டையும் தூக்கிவிட்டார்கள். 1998இன் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்கள் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும், முதல் இரண்டு எபிசோடு உறுத்தும். பிரேக் அடிக்கும்போது மூக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கவனிக்க ஆரம்பித்ததும் உறுத்தல் போய்விடும்.

எல்லாரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் இட்சுகி கதையையும் விட்டுவிடாதீர்கள். ஹச்சி-ரோக்கு என்று நினைத்து ஆசை ஆசையாக ஏ.இ.85 வாங்கிவிடுவான். வெளியே அச்சு அசல் அதே உடம்பு; உள்ளே 1.5 லிட்டர், ஒற்றை கேம்ஷாஃப்ட், 83 குதிரைசக்தி. இன்றைக்கும் வெளிநாட்டு ஏலங்களில் 85-ஐ 86 ஆக்கி விற்பவர்கள் உண்டு. பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்து ஏமாறாமல், இன்ஜின் அறையில் இருக்கும் தகட்டில் அடித்திருக்கும் மாடல் குறியைப் படிப்பதுதான் வழி. மியோகியில் அந்த 85-ஐப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இட்சுகி முகம் தொங்கிப்போய் நிற்பான். தகுமி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட்டுக்கு மாறி உட்காருவான். இறக்கம். 83 குதிரைசக்தி. கேலி செய்தவர்களின் பின்விளக்கு கிட்டே வந்துகொண்டே இருக்கும், பக்கத்து சீட்டில் இட்சுகி அலறிக்கொண்டே இருப்பான்.